ஹெட்லைட் 'கண்ணாடி' மஞ்சளாவது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் ஒரே பொருளைப் பற்றியவை: கார் ஹெட்லைட்டின் முன்பக்க பிளாஸ்டிக் லென்ஸ். இரவில் எதிரே நடந்து வருபவரின் உயிர் இதன் தெளிவை நம்பியிருப்பதால் சில பதில்கள் நீளமாகவே இருக்கின்றன.

கார் வாங்கி ஐந்து வருடம்தான் ஆகிறது. இரண்டு ஹெட்லைட் கண்ணாடியும் மேல் பாதியில் மஞ்சளாகி, பனி மூடியது போல இருக்கிறது. வீட்டில் நிற்கும் பழைய அம்பாசடரின் கண்ணாடி இன்னும் பளிச்சென்று இருக்கிறதே, எப்படி?
– வாசகர், மதுரை

அம்பாசடரில் இருப்பது நிஜக் கண்ணாடி. உங்கள் காரில் இருப்பதை நாம் பழக்கத்தில் கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அமெரிக்காவில் 1983 வரை ஹெட்லைட் என்றால் அளவு நிர்ணயிக்கப்பட்ட, பல்பும் கண்ணாடியும் ஒன்றாக மூடப்பட்ட சீல்டு பீம் விளக்குதான். அந்த ஆண்டில் விதி தளர்ந்து, பல்பை மட்டும் மாற்றக்கூடிய விளக்குகள் அனுமதிக்கப்பட்டன. 1984 மாடல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 அப்படி வந்த முதல் அமெரிக்க கார். அதன் பிறகு உலகம் முழுவதும் பிளாஸ்டிக்குக்கு மாறியது.

மாறியதற்கு நல்ல காரணங்கள் உண்டு. பாலிகார்பனேட்டின் அடர்த்தி 1.2, கண்ணாடிக்கு சுமார் 2.5. கல் பட்டால் நொறுங்காது. காரின் வளைவுக்கு ஏற்ற எந்த வடிவத்திலும் வார்க்கலாம். பல்பின் சூட்டையும் தாங்கும். சுமார் 147 டிகிரி செல்சியஸில்தான் இளகத் தொடங்குகிறது.

குறைகள் இரண்டு: எளிதில் கீறல் விழும், புற ஊதாக்கதிர் பட்டால் மூலக்கூறு உடைந்து மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையில் லென்ஸின் வெளிப்பக்கம் சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் வகை கடினப் பூச்சு போடுகிறார்கள். அதன் கனம் சுமார் பத்து மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு. புற ஊதாக்கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள் அந்தப் பூச்சுக்குள் இருக்கிறது, வெயில் பட்டுப் பட்டு அது தீர்ந்துபோகிறது. பிறகு பூச்சில் நுண்விரிசல் விடுகிறது, ஈரம் இறங்குகிறது, ஓரங்களில் செதில் செதிலாக உரிகிறது. வெறும் பாலிகார்பனேட் வெயிலில் நிற்கத் தொடங்கியதும் மஞ்சள் வேகமெடுக்கும். நம் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் உச்சிக்கு அருகில் இருப்பதால், வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் மேல் பாதி முதலில் கெடுகிறது.

டெயில் லைட் மட்டும் ஏன் மஞ்சளாவதில்லை?
– வாசகி, ஈரோடு

அது பெரும்பாலும் அக்ரிலிக். இயல்பாகவே வெயிலைத் தாங்கும். ஆனால் சுமார் 105 டிகிரியிலேயே இளகும், கல் பட்டால் விரிசல் விடும். சிறிய பல்பு எரியும் பின்பக்கத்துக்கு அது போதும். 55 வாட் ஹாலஜனுக்கு முன்னால் வைக்க முடியாது.

பிளாஸ்டிக் லென்ஸ் இத்தனை காலம் உழைக்க வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? என்னென்ன சோதனை செய்கிறார்கள்?
– பாலிடெக்னிக் மாணவர், கோவை

"இத்தனை ஆண்டு உழைக்க வேண்டும்" என்று எந்த விதியும் சொல்வதில்லை. குறிப்பிட்ட சோதனைகளுக்குப் பிறகு ஒளி இவ்வளவுக்கு மேல் குறையக்கூடாது என்று மட்டும் சொல்கின்றன. உலகில் இரண்டு பெரிய வழிமுறைகள் உள்ளன.

முதலாவது ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதி. ஹாலஜன் ஹெட்லைட்டுக்கு நீண்டகாலம் 112-ஆம் எண் விதி இருந்தது. 2019-இல் பல விதிகளை ஒன்றாக்கி 149-ஆம் எண் விதி நடைமுறைக்கு வந்தது. பிளாஸ்டிக் லென்ஸுக்கென்று 112-ஆம் விதியில் தனி இணைப்பே உண்டு. அதன் சாரத்தைச் சொல்கிறோம்.

வெப்பநிலைச் சோதனையில் ஒரு சுற்று இப்படி: 40 டிகிரியில் 85 முதல் 95 சதவீத ஈரப்பதத்தோடு 3 மணி நேரம், மைனஸ் 30 டிகிரியில் 15 மணி நேரம், 80 டிகிரியில் 3 மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் நடுவே 23 டிகிரியில் 1 மணி நேரம். இப்படி ஐந்து சுற்று. முடிவில் ஒளி அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கக்கூடாது.

வெயில் சோதனைக்கு செனான் விளக்கு. சதுர மீட்டருக்கு 1,200 வாட் வீதம், மொத்தம் 4,500 மெகாஜூல் சேரும் வரை காட்டுகிறார்கள். 5 நிமிடம் தண்ணீர் தெளிப்பதும் 25 நிமிடம் காயவிடுவதும் இடையே மாறி மாறி நடக்கும். முடிந்ததும் ஊடுருவும் ஒளி 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கக்கூடாது. அதே மாதிரியின் மேல் ஹெப்டேன், டொலுவீன், சைலீன் முதலியவை கலந்த கரைப்பானில் நனைத்த துணியை 10 நிமிடம் அழுத்தி வைத்து, ஒளிச் சிதறலையும் அளக்கிறார்கள்.

தேய்மானச் சோதனை நம் சாலைக்கு நெருக்கமானது. லிட்டருக்கு 25 கிராம் சிலிகா மணல் கலந்த தண்ணீரை, 1.3 மி.மீ. துளை கொண்ட ஸ்ப்ரே கன்னில் 6 பார் அழுத்தத்தோடு 380 மி.மீ. தூரத்திலிருந்து அடிக்கிறார்கள். முழு ஹெட்லைட்டையும் இப்படித் தேய்த்த பிறகு, எதிரே வருபவர் கண்ணில் படும் புள்ளியில் கூச்சம் உச்சவரம்பை விட 30 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. சாலையில் தூரத்தே விழும் ஒளி குறைந்தபட்ச அளவை விட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. தேய்ந்த லென்ஸ் ஓட்டுபவருக்கு வெளிச்சத்தைக் குறைப்பதோடு, எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்கிறது என்பதை விதி எழுதியவர்கள் சரியாகவே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

பூச்சு பிடிப்பைப் பார்க்கும் முறையைப் பட்டறையிலேயே செய்து பார்க்கலாம். 20 மி.மீ. சதுரத்தை பிளேடால் 2 மி.மீ. கட்டங்களாகக் கீறி, ஒட்டு டேப் ஒட்டி வெடுக்கென்று இழுப்பார்கள். கட்டங்களின் பரப்பில் 15 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால் தோல்வி.

இரண்டாவது வழிமுறை அமெரிக்காவின் 108-ஆம் எண் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரநிலை. அங்கே பிளாஸ்டிக் மூலப்பொருளை ஈரமான புளோரிடாவிலும் வறண்ட அரிசோனாவிலும் திறந்தவெளியில் தெற்கு நோக்கி 45 டிகிரி சாய்வில் மூன்று ஆண்டு வைக்க வேண்டும். ஊடுருவும் ஒளி 25 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது, நிறம் வரம்புக்குள் இருக்க வேண்டும். முழு ஹெட்லைட்டுக்கு 0000 நம்பர் ஸ்டீல் வுல்லால் 11 முறை தேய்ப்பு, 240 மணி நேர உப்புநீர்த் தெளிப்பு, எரிபொருள், தார் நீக்கி, பவர் ஸ்டீயரிங் ஆயில், வாஷர் திரவம், கூலண்ட் ஆகியவற்றைப் பூசிப் பார்ப்பது எனத் தனிச் சோதனைகள். இன்னொரு வேறுபாடு: ஐ.நா. முறையில் அரசு அமைப்பு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். அமெரிக்காவில் தயாரிப்பாளரே உறுதியளித்து விற்கிறார், பிறகு அரசு சோதிக்கிறது.

இந்த ஐ.நா. விதிகளுக்கு அடிப்படையான 1958-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆனால் நம் ஏ.ஐ.எஸ். (இந்திய வாகனத் தொழில்) தரநிலைகளில் விளக்கு தொடர்பானவை பெரும்பாலும் ஐ.நா. விதிகளை ஒட்டியே எழுதப்பட்டவை.

இவ்வளவு சோதனை தாண்டிய லென்ஸ் சென்னை வெயிலில் நாலைந்து வருடத்தில் கெடுகிறதே. சோதனையில் கோளாறா, கார் கம்பெனியில் கோளாறா?
– வாசகர், தாம்பரம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,500 மெகாஜூலை 1,200 வாட்டால் வகுத்தால் சுமார் 1,040 மணி நேரம், அதாவது 43 நாள். நம் மாநிலத்தில் கிடைமட்டப் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் சராசரியாக நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5.5 கிலோவாட் மணி, கிட்டத்தட்ட 20 மெகாஜூல். அப்படியானால் செனான் சோதனையில் விழும் மொத்த ஆற்றல் இங்கே ஏழரை மாத வெயிலுக்குச் சமம். லென்ஸ் சாய்வாக இருக்கிறது, கார் சில மணி நேரம் நிழலில் நிற்கிறது என்று பாதியாகக் குறைத்தாலும் பதினைந்து மாதம்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐ.நா. முறையில் மணல் தேய்ப்பு புது மாதிரிகளின் மேல் நடக்கிறது. சாலையில் அப்படி இல்லை. வெயிலில் நைந்த பூச்சின் மேல்தான் லாரி டயர் கிளப்பும் மணல் வந்து அடிக்கிறது. இரண்டும் சேரும்போது வரும் சேதம் தனித்தனிச் சோதனையில் தெரியாது.

ஆகவே அந்தச் சான்று பொய்யல்ல. புதிதாகப் பிறந்த லென்ஸுக்குத் தரப்படும் சான்று அது. ஐந்து வயது லென்ஸைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நம் நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதுவரை தகுதிச் சோதனை கிடையாது. ஜப்பானில் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடக்கும் வாகனச் சோதனையில் டிம் வெளிச்சத்தை அளந்து, ஒரு விளக்குக்கு 6,400 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறார்கள். நம் சட்டத்திலும் அத்தகைய அளவீடு சொந்தக் கார்களுக்கு ஐந்தாம் ஆண்டிலிருந்து வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வரும்வரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போகிறது என்கிறார்கள். கொசு விரட்டி ஸ்ப்ரே அடித்தால் உடனே பளிச்சிடுகிறது என்று வீடியோவும் பார்த்தேன்.
– வாசகி, திருநெல்வேலி

பற்பசையில் இருப்பது மென்மையான தேய்ப்புப் பொடி. லேசான மங்கலைக் கொஞ்சம் குறைக்கும், பாதுகாப்பு எதுவும் தராது, சில வாரங்களில் பழையபடி ஆகும். கொசு விரட்டி ஆபத்தானது. அதில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் அது பாலிகார்பனேட்டைக் கரைக்கும். மேற்பரப்பு கரைந்து வழவழப்பாவதைத்தான் பளபளப்பு என்று காட்டுகிறார்கள். வழிந்து பெயின்ட் மேல் பட்டால் அதுவும் கெடும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் இதே கதைதான். வார்ப்பில் இறுக்கம் நிறைந்த பிளாஸ்டிக்கில் இவை பட்டால் உள்ளுக்குள் நூல் நூலாக விரிசல் ஓடும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

கப்பில் மருந்தை ஊற்றி, சூடேற்றி, ஆவி பிடித்தே லென்ஸைப் புதிதாக்குகிறார்கள். செய்யலாமா?
– வாடகைக் கார் ஓட்டுநர், சேலம்

வேண்டாம். அந்த மருந்து பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம். ஆவி மேற்பரப்பை உருக்கிக் கீறல்களை மூடுகிறது, அதனால் முதல் நாள் மிக அழகாக இருக்கும். புற ஊதாப் பாதுகாப்பு ஒன்றும் சேர்வதில்லை, நூல் விரிசலும் வரும். அதைவிடப் பெரிய கவலை வேலை செய்பவரின் உடம்பு. இந்த ஆவி மூச்சுக்குக் கேடு. தீயோ பழுக்கச் சூடான உலோகமோ பக்கத்தில் இருந்தால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய வாயுவாகவும் மாறும்.

அப்படியானால் வீட்டில் சரியாகச் செய்யும் முறை என்ன? பேப்பர் நம்பரோடு சொல்லுங்கள்.
– வாசகர், நாகர்கோவில்

முதலில் லென்ஸின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கெடுதல் வெளிப்பரப்பில்தான், தேய்த்தால் சரியாகும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் உள்பக்கம் படிந்த ஆவியோ ஆழ விரிசலோ இருக்கிறது. அதற்கு லென்ஸை மாற்றுவதே வழி. வெளியே தேய்த்து உழைப்பை வீணாக்க வேண்டாம்.

ஷாம்பு போட்டுக் கழுவி, மண் துகள் ஒன்றுகூட இல்லாமல் துடையுங்கள். சுற்றியுள்ள பெயின்டின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பானெட் ஓரத்தை மறந்துவிடாதீர்கள். பேப்பர் வழுக்கி அங்கேதான் முதலில் கீறும்.

பழைய பூச்சு செதிலாக உரிந்திருந்தால் 400 நம்பர் வாட்டர் பேப்பர், வெறும் மங்கல் என்றால் 600. ஒரு வாளித் தண்ணீரில் சில துளி ஷாம்பு விட்டு, பேப்பரை அதில் ஊறவைத்து, ரப்பர் பிளாக்கில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். முதலில் மஞ்சளான பால் வழியும். அது வெள்ளையாக மாறும் வரை நிறுத்தக்கூடாது. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: நடுவில் தேய்த்துவிட்டு ஓரத்தில் பழைய பூச்சை விட்டுவிடுகிறார்கள். மேலே எதைப் பூசினாலும் அந்த எல்லைக்கோடு தெரியும், அங்கிருந்தே மறுபடி உரியும்.

பிறகு 800, அடுத்து 1000. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள்: ஒன்று படுக்கையாக என்றால் அடுத்தது நெடுக்காக. முந்தைய பேப்பரின் கோடு ஒன்றுகூடத் தெரியாத வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. டூ-கே கிளியர் கோட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிப்பதாக இருந்தால் 1000-த்தோடு நிறுத்துங்கள். காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கினால் கிளியருக்குப் பிடிமானம் போய்விடும். மங்கலாகத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், கிளியர் அந்தக் கீறல்களை நிரப்பிவிடும். துடைத்துப் பூசும் யு.வி. சீலன்ட் போடுவதாக இருந்தால் 1500, 2000, 3000 வரை போய், ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். மெஷின் என்றால் 1,000 முதல் 1,500 சுற்றுக்குள், ஒரே இடத்தில் நிற்காமல்; சூடேறினால் பிளாஸ்டிக் இழுத்துக்கொள்ளும்.

எந்த வழியானாலும் பூசுவதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், தின்னரால் அல்ல. கிளியரின் முதல் கோட் தூறல் போல மிக மெல்லியதாக இருக்கட்டும். கனமாக அடித்தால் அதிலுள்ள கரைப்பானே பிளாஸ்டிக்கைக் கடிக்கும். பத்து நிமிடம் விட்டு அடுத்து இரண்டு கோட். காலை வேளை நல்லது. உச்சி வெயிலில் சூடான லென்ஸில் குமிழ் வரும், மழைக்கால மாலையில் வெள்ளை பூக்கும். 24 மணி நேரம் தொடாதீர்கள், ஒரு வாரம் கழுவாதீர்கள்.

டூ-கே கிளியரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க், கையுறை, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். மாஸ்க் இல்லையென்றால் தேய்த்து முடித்து பெயின்ட் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். நன்றாக அடித்த கிளியர் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். சீலன்ட் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியது. பூச்சே போடாமல் விட்டால் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும், ஏனென்றால் மிச்சமிருந்த தொழிற்சாலைப் பூச்சையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

தேய்த்தால் புதுசு போல ஆகுமா? அல்லது மாற்றுவதே நல்லதா?
– வாசகர், திருச்சி

புதுசு ஆகாது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் அளந்து வெளியிட்டது: மிகவும் மங்கிய ஹெட்லைட் புதியதன் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தருகிறது, தேய்த்துச் சரிசெய்தால் சுமார் 70 சதவீதம் திரும்புகிறது, ஒரிஜினல் மாற்றினால் முழுதும், வேறு கம்பெனி தயாரித்த விளக்கு மாற்றினால் 83 முதல் 90 சதவீதம். இரவில் நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுபவர் என்றால், பணம் கூடினாலும் ஒரிஜினலை மாற்றுங்கள். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்குத் தேய்ப்பு போதும்.

புது லென்ஸ் வந்த அன்றே 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள நிறமற்ற டி.பி.யு. (நெகிழும் பிளாஸ்டிக்) ஃபிலிம் ஒட்டுவது நல்ல முதலீடு. மஞ்சள், ஸ்மோக் நிற ஃபிலிம் வேண்டாம். அனுமதி பெற்ற ஒளி அளவே மாறிவிடும்.

ஜப்பான் ரீகண்டிஷன் காருக்கு ஹெட்லைட் வாங்க வேண்டும். கடையில் ஐரோப்பியப் பழசும் டூப்ளிகேட்டும் கலந்து கிடக்கிறது. லென்ஸில் உள்ள எழுத்துகளைப் படிப்பது எப்படி?
– வாசகர், யாழ்ப்பாணம்

வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் ஐ.நா. விதிப்படி அனுமதி பெற்றது. எண் அனுமதி தந்த நாட்டைக் குறிக்கும், தயாரித்த நாட்டை அல்ல: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 43 ஜப்பான். 'எச்.சி.ஆர்.' என்றால் ஹாலஜனில் டிம்மும் பிரைட்டும். 'பி.எல்.' என்றால் லென்ஸ் பிளாஸ்டிக், மேலே சொன்ன சோதனைகளைக் கடந்தது. 'டி.ஓ.டி.' என்பது அமெரிக்க விதிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே தரும் சுய உறுதி.

அதைவிட முக்கியம் அம்புக்குறி. விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் கிடைமட்ட அம்பு இருந்தால் அது நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு. அதை மாட்டினால் டிம்மில் மேலெழும் ஒளி எதிரே வருபவர் முகத்தில் நேராக அடிக்கும். இருமுனை அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மன் பழசு மலிவாகக் கிடைத்தாலும் அம்பு பார்க்காமல் வாங்காதீர்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போட்டேன். லென்ஸின் உள்பக்கம் பல்புக்கு நேரே வட்டமாகப் பழுப்பு விழுந்திருக்கிறது.
– வாசகர், ஓசூர்

எச்4 பல்பின் நிர்ணயித்த அளவு 60/55 வாட். சூடு கணக்கிடப்பட்டதும், சோதனை நடந்ததும் அந்த அளவில்தான். கூடுதல் வாட் உள்பக்கத்தை வறுக்கிறது, ரிஃப்ளெக்டரின் மெருகும் கருகுகிறது. அந்தப் பழுப்பைத் தேய்க்க வழியில்லை. விளக்கை மாற்றி, பழைய வாட் பல்பையே போடுங்கள். மங்கிய லென்ஸுக்குள் பெரிய பல்பு வைத்தால் சிதறும் ஒளிதான் கூடும், சாலையில் விழுவது பெரிதாகக் கூடாது.

விளக்கை மாற்றியதும் வெளிச்சம் மேலே அடிக்கிறது என்று எதிரே வருபவர்கள் திட்டுகிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

மாற்றியதும் உயரம் சரிபார்க்காமல் விட்டிருப்பார்கள். விளக்குக்குப் பக்கத்தில் 1.0 முதல் 1.5 வரை ஏதோ ஒரு சதவீதம் பொறித்திருக்கும். டயர் காற்று சரியாக வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டரில் நிறுத்துங்கள். லெவலிங் ஸ்விட்ச் பூஜ்யத்தில் இருக்கட்டும். விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். 1 சதவீதம் என்றால் டிம்மின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 செ.மீ. கீழே, 1.3 என்றால் 13 செ.மீ. கீழே விழ வேண்டும். பின்பக்கத் திருகை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்து, இரண்டு விளக்கையும் தனித்தனியே சரிசெய்யுங்கள்; ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதை அட்டையால் மூடிக்கொள்ளுங்கள்.